பனி ஏரியில் லாரி முதல் டாக்சி மீட்டர் வரை: நகரத்துக்குக் கணக்குப் போட்ட கான்டரோவிச் - யார் இவர்?

1941 நவம்பர். சோவியத் ஒன்றியத்தின் இரண்டாவது பெரிய நகரமான லெனின்கிராடை ஜெர்மன் படைகள் சுற்றி வளைத்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. ரயில் வராது. ரோடும் கிடையாது. நவம்பர் 20 முதல் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் ரொட்டி. மற்றவர்களுக்கு வெறும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் முழுசாக மாவு இல்லை, கண்டதையும் கலந்திருந்தார்கள்.

விமானத்தில் வந்த உணவு ஒரு மூலைக்கும் போதவில்லை. மிச்சம் இருந்த வழி, உறைந்து கிடந்த லடோகா ஏரி. அந்தப் பனிக்கட்டி மேலே லாரி ஓட்டித்தான் மாவு கொண்டுவரணும்.

இங்கேதான் கேள்வி. இரண்டு லாரிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது? நெருக்கி விட்டால் பனி உடைந்து லாரி தண்ணீருக்குள் போய்விடும். ரொம்பத் தள்ளி விட்டால் ஊருக்குள் வரும் மாவு குறையும், அங்கே ஆட்கள் பட்டினியில் சாவார்கள். இரண்டு பக்கமும் உயிர்தான்.

இந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் 29 வயதுக் கணிதப் பேராசிரியர். பெயர் லியோனிட் கான்டரோவிச். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். பஸ் ரூட், குப்பை வண்டி, தீயணைப்பு நிலையம் என இன்று நகர நிர்வாகத்தில் பயன்படும் 'உகந்த தீர்வு' கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். ஆனால் அந்தக் கணிதத்தை வெளிப்படையாகப் பேசவே அவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன்? என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

18 வயதில் பட்டம், 22 வயதில் பேராசிரியர்

கான்டரோவிச் பிறந்தது 1912 ஜனவரி 19, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில். இந்த நகரம்தான் பின்னால் லெனின்கிராட் ஆனது, இப்போது மறுபடியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். யூதக் குடும்பம். அப்பா டாக்டர். பையனுக்கு 10 வயதாக இருக்கும்போது, 1922-ல் அப்பா இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார்.

மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயதில், அதாவது 14 வயதில், லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 18 வயதில் பட்டம் முடித்தார். 22 வயதில் பேராசிரியர். வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கும் பாடம் எடுத்த அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

அவர் முதலில் பெயர் வாங்கியது தூய கணிதத்தில். அன்றாட வாழ்க்கைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு ஏதும் கிடையாது. தொழிற்சாலை, லாரி, ரொட்டி எல்லாம் அவர் உலகத்துக்கு வெளியே இருந்தவை. 1930-களின் இறுதியில் அவரைத் தேடி வந்த ஒரு கேள்வி இதை மாற்றியது.

பிளைவுட் ஆலையிலிருந்து வந்த கணக்கு

பிளைவுட் தயாரிக்கும் அரசு நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒரு சிக்கல். அவர்களிடம் 8 இயந்திரங்கள். 5 வகை மரங்கள். மரத்தை மெல்லிய தகடாக உரிப்பதுதான் வேலை. ஒரு இயந்திரம் ஒரு வகை மரத்தை வேகமாக உரிக்கும், இன்னொரு வகையில் திணறும். அடுத்த இயந்திரம் அப்படியே தலைகீழ். ஐந்து வகையும் குறிப்பிட்ட விகிதத்தில் வந்தால்தான் பிளைவுட் செய்ய முடியும். எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தை, எவ்வளவு நேரம் கொடுத்தால் மொத்த உற்பத்தி அதிகமாகும்?

கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் சாத்தியமான ஒவ்வொரு ஏற்பாட்டையும் ஒன்றொன்றாகச் சோதித்துப் பார்க்க நினைத்தால் லட்சக்கணக்கான சமன்பாட்டுத் தொகுப்புகளைத் தீர்க்கணும். அன்றைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. ஆயுசு முழுக்க உட்கார்ந்தாலும் முடியாது.

கான்டரோவிச் வேறு வழியில் போனார். ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு எண்ணைக் கொடுத்தார். அந்த வளம் எவ்வளவு அருமையானது, அது இன்னும் கொஞ்சம் கிடைத்தால் மொத்தப் பலன் எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லும் எண் அது. இந்த எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போனால், எல்லா ஏற்பாட்டையும் பார்க்காமலே சிறந்த ஏற்பாட்டுக்கு வந்து சேரலாம். அதைவிட முக்கியம், இதைவிடச் சிறந்தது வேறு இல்லை என்று நிரூபிக்கவும் முடியும்.

விஷயம் பிளைவுட்டோடு நிற்காது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. 1939-ல் லெனின்கிராட் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவரது சிறு நூலில் இதே கணிதத்தைப் பல இடங்களில் பொருத்திக் காட்டினார். வீணாகாமல் உலோகத் தகட்டை வெட்டுவது, எரிபொருளைப் பங்கிடுவது, எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்று முடிவுசெய்வது, சரக்கு எந்த வழியில் போகணும் என்று தீர்மானிப்பது. எல்லாமே அடியில் ஒரே கேள்விதான். இருப்பதோ கொஞ்சம், தேவையோ நிறைய, எப்படிப் பங்கிடுவது?

இதைத்தான் இன்று 'லீனியர் புரோகிராமிங்', தமிழில் 'நேரியல் திட்டமிடல்' என்கிறோம். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இதுவும், இதன் உறவான 'போக்குவரத்துக் கணக்கும்' நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

பக்கத்தில் இருப்பதுதான் எப்போதும் சரியா?

ஒரு சின்ன உதாரணம் பார்த்துவிடலாம். எண்கள் கற்பனைதான், முறை உண்மையானது.

ஒரு நகரத்தில் இரண்டு ரொட்டி ஆலைகள். முதல் ஆலையில் தினமும் 60 லாரி ரொட்டி தயாராகிறது, இரண்டாவதில் 40 லாரி. வடக்குப் பகுதிக்கு 50 லாரி வேண்டும், தெற்குப் பகுதிக்கும் 50 லாரி வேண்டும்.

முதல் ஆலையிலிருந்து வடக்குக்கு 3 கிலோமீட்டர், தெற்குக்கு 4 கிலோமீட்டர். இரண்டாவது ஆலையிலிருந்து வடக்குக்கு 5 கிலோமீட்டர், தெற்குக்கு 9 கிலோமீட்டர்.

யாரிடம் கேட்டாலும் என்ன சொல்வார்கள்? முதல் ஆலைக்கு வடக்குதான் பக்கம், எனவே அங்கே 50 லாரியையும் அனுப்பு என்பார்கள். சரி, அப்படியே செய்வோம். 50 லாரி தலா 3 கிலோமீட்டர், ஆக 150. முதல் ஆலையில் மிச்சம் உள்ள 10 லாரி தெற்குக்கு, 40 கிலோமீட்டர். இரண்டாவது ஆலையின் 40 லாரியும் தெற்குக்கு, 360 கிலோமீட்டர். மொத்தம் 550.

இப்போது மாற்றிப் பார்ப்போம். முதல் ஆலையிலிருந்து 50 லாரியைத் தெற்குக்கு அனுப்பினால் 200 கிலோமீட்டர். மிச்சம் 10 லாரி வடக்குக்கு, 30 கிலோமீட்டர். இரண்டாவது ஆலையின் 40 லாரியும் வடக்குக்கு, 200 கிலோமீட்டர். மொத்தம் 430 தான்.

அதே ஆலை, அதே லாரி, அதே ரொட்டி. தினமும் 120 கிலோமீட்டர் மிச்சம். பக்கத்தில் இருப்பதை முதலில் எடு என்ற பொதுப்புத்தி இங்கே நம்மை ஏமாற்றிவிட்டது. ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டால், கடைசியில் யாரோ ஒருவர் 9 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. முதல் ஆலையில் ஒரு லாரி ரொட்டி கூடுதலாகச் சுட்டு, இரண்டாவது ஆலையில் ஒரு லாரி குறைத்தால் என்ன ஆகும்? மொத்தம் 428 கிலோமீட்டராகக் குறையும். அதாவது, முதல் ஆலையில் தயாராகும் ஒரு லாரி ரொட்டிக்கு, இரண்டாவது ஆலையின் ரொட்டியைவிட 2 கிலோமீட்டர் 'மதிப்பு' அதிகம். எந்த ஆலையைப் பெரிசாக்கணும் என்று நகர நிர்வாகம் யோசிக்கும்போது பார்க்க வேண்டிய எண் இதுதான்.

கான்டரோவிச் கொடுத்த எண்கள் இந்த மாதிரியானவைதான். இன்று பொருளாதாரப் புத்தகங்களில் இதற்கு 'நிழல் விலை' என்று பெயர். எந்தக் கடையிலும் ஒட்டப்படாத விலை, ஆனால் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் விலை. அவருக்குப் பெருமை தேடித் தந்ததும் இந்த எண்தான், ஆபத்தைக் கொண்டுவந்ததும் இதே எண்தான்.

லடோகா ஏரியில் என்ன நடந்தது?

1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்தது. கான்டரோவிச் ராணுவப் பொறியியல் கல்வி நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியில் இருந்தார். செப்டம்பர் 8 அன்று முற்றுகை முழுமையானது. அது 872 நாட்கள் நீடிக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நவம்பர் 22-ல் லடோகா பனி மேல் முதல் லாரி வரிசை கிளம்பியது. மக்கள் அந்தப் பாதைக்கு வைத்த பெயர் 'வாழ்வின் பாதை'. ஆனால் ஆரம்ப வாரங்களில் பல லாரிகள் பனிக்குள் மூழ்கின.

ஏன் மூழ்கின? வெறும் எடை மட்டும் காரணமில்லை. பனிக்கட்டி மேல் லாரி ஓடும்போது அதன் அடியில் தண்ணீரில் ஒரு அலை உருவாகும். பக்கத்தில் இன்னொரு லாரி ஓடினால் இரண்டு அலையும் சேர்ந்து பனியைப் பிளக்கலாம். பனியின் தடிமன், காற்றின் குளிர், லோடின் எடை, வண்டியின் வேகம், எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று சரியாக இருந்த இடைவெளி இன்று சரியாக இருக்காது.

வாழ்வின் பாதையின் பாதுகாப்புப் பொறுப்பு கான்டரோவிச்சிடம் இருந்தது என்றும், பனியின் தடிமனையும் காற்றின் வெப்பநிலையையும் வைத்து லாரிகளுக்கு இடையிலான உகந்த இடைவெளியை அவர் கணக்கிட்டார் என்றும் அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 1941 டிசம்பரிலும் 1942 ஜனவரியிலும் அவரே ஏரிக்குப் போய், ஓடும் லாரிகளுக்கு நடுவில் பனி மேல் நடந்து பார்த்தாராம். கணக்கு தப்பினால் முதலில் மூழ்குவது கணக்குப் போட்டவராகவே இருக்கட்டும் என்பது போல.

அந்தப் பாதை லெனின்கிராடை முழுமையாகக் காப்பாற்றவில்லை. முற்றுகையில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள், பெரும்பாலும் பசியால். ஆனால் அந்தப் பாதையும் இல்லாமல் போயிருந்தால் நகரமே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான். பின்னாளில் அவருக்கு 'லெனின்கிராட் பாதுகாப்பு' பதக்கம் கிடைத்தது.

திட்டக் கமிஷன் ஏன் நிராகரித்தது?

1942-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கான்டரோவிச் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். ஒரு ஆலைக்குப் போட்ட கணக்கை ஒரு நாட்டுக்கே போடலாம் என்பதுதான் அதன் சாரம். நாட்டின் திட்ட கமிஷனான 'கோஸ்பிளான்' முன்னால் அதைக் கொண்டுபோனார்.

திட்டமிட்ட பொருளாதாரம் நடத்தும் நாடு. திட்டமிடுவதற்கே ஒரு கணிதம் கண்டுபிடித்த ஆள். சிவப்புக் கம்பளம் விரித்திருக்க வேண்டாமா? நடந்தது நேர்மாறு. நூல் நிராகரிக்கப்பட்டது.

காரணம் அந்த எண்கள்தான். ஒரு பொருளின் மதிப்பு அதில் போட்ட உழைப்பிலிருந்து மட்டுமே வரணும் என்பது அன்றைய அதிகாரப்பூர்வக் கொள்கை. ஆனால் கான்டரோவிச்சின் கணக்கில் நிலம், இயந்திரம், நேரம் எல்லாவற்றுக்கும் மதிப்பு வந்து நின்றது, அவை பற்றாக்குறையாக இருந்த ஒரே காரணத்தால். கொள்கைக் காவலர்கள் கண்ணுக்கு இது முதலாளித்துவப் பொருளாதாரத்தைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருவது போலத் தெரிந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த எண்களை எந்த அதிகாரியும் நிர்ணயிக்க முடியாது. கணக்கு என்ன சொல்கிறதோ அதுதான். மேலிருந்து வந்த ஒரு உத்தரவு நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும் அதே கணக்கு போட்டுக் காட்டிவிடும். ஸ்டாலின் காலத்தில் அதைச் சொல்வது சாதாரண விஷயமில்லை.

அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? கோஸ்பிளானின் தலைவராக இருந்த நிக்கோலாய் வோஸ்னெசென்ஸ்கியே 1950-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். திட்டத் துறையின் தலைவருக்கே அந்த நிலை என்றால், திட்டத்தில் தப்பு இருக்கு என்று சொல்லும் ஒரு பேராசிரியரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கான்டரோவிச் மூச்சுக் காட்டாமல் ஒதுங்கினார். தூய கணிதத்துக்குத் திரும்பினார். 1949-ல் கணிதப் பணிகளுக்காக ஸ்டாலின் பரிசே வாங்கினார். மேஜையில் இருந்த பொருளாதாரக் கையெழுத்துப் பிரதி மட்டும் அப்படியே கிடந்தது.

கழிவைக் குறைத்ததும் ஒரு குற்றமா?

முழுசாக நிறுத்திவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 1940-களின் கடைசியில் லெனின்கிராடில் ரயில் பெட்டி தயாரிக்கும் யெகோரோவ் ஆலையில் அவரது முறை பயன்பட்டது. உலோகத் தகடுகளை எப்படி வெட்டினால் கழிவு குறையும் என்பதுதான் கணக்கு. துணி வெட்டும் டெய்லருக்குத் தெரியும், ஒரே துணியில் யார் வெட்டுகிறார் என்பதைப் பொறுத்துத் துண்டு மிஞ்சும். அதே விஷயம்தான், கணிதத்தோடு.

கழிவு நன்றாகவே குறைந்தது. பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் புதுச் சிக்கல் முளைத்தது என்று அந்தக் காலக் கதை ஒன்று சொல்லப்படுகிறது. இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு மாதாமாதம் இவ்வளவு கழிவு இரும்பு கொடுக்கணும் என்று ரயில் பெட்டி ஆலைக்கு ஒரு இலக்கு உண்டு. கழிவு குறைந்ததால் அந்த இலக்கை எட்ட முடியவில்லை. ஆக, இரும்பை மிச்சம் பிடித்ததற்காகவே ஆலை பதில் சொல்ல வேண்டியதாகிப் போனது.

சிரிப்பு வரலாம். ஆனால் இதில் பெரிய பாடம் இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கணக்கைச் சரி செய்தால், வேறு மூலையில் இடிக்கும். ஆலைக்கு நல்லதாகத் தெரிவது நகரத்துக்கு நல்லதாக இருக்கணும்னா, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கணும். கான்டரோவிச் நாடு முழுவதற்கும் கணக்குப் போட நினைத்ததன் நியாயம் இதுதான்.

டாக்சி மீட்டரில் ஒரு சின்ன மாற்றம்

1953-ல் ஸ்டாலின் இறந்தார். மெல்ல மெல்லக் கதவு திறந்தது. 1942-ல் எழுதிய நூல், 17 வருஷம் கழித்து 1959-ல் அச்சானது. 1960-ல் கான்டரோவிச் சைபீரியாவுக்கு, நோவோசிபிர்ஸ்க் பக்கத்தில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த அறிவியல் நகரத்துக்கு இடம் மாறினார். இளம் கணிதவியலாளர்கள் சுற்றிச் சேர்ந்தார்கள்.

அந்தக் காலகட்டத்தில் அவரது குழு கையில் எடுத்தவற்றில் ஒன்று, எல்லா நகரவாசிக்கும் தெரிந்த தலைவலி: டாக்சி.

கட்டணம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? பக்கத்துத் தெருவுக்குப் போகணும் என்றால் டிரைவர் முகம் சுளிப்பார். நிறுத்தி, ஏற்றி, இறக்கி, அடுத்த ஆளைத் தேடும் நேரத்துக்குக் காசு வராது. நீண்ட சவாரிக்காகக் காத்திருப்பார். குட்டி தூரம் போக வேண்டிய நோயாளியும் முதியவரும் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான்.

தீர்வு, கட்டணத்தை இரண்டாகப் பிரிப்பது. ஏறி உட்கார்ந்ததற்கு ஒரு நிலையான தொகை. அதற்குப் பிறகு கிலோமீட்டர் கணக்கு. ஏறும் தொகை அதிகமானால் பயணி ஓடிவிடுவார். குறைந்தால் டிரைவர் ஓடிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் கணிதம். இப்படி இரண்டாகப் பிரித்த கட்டணம் சோவியத் டாக்சிகளில் நடைமுறைக்கு வந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே யாரும் டிரைவருக்கு உத்தரவு போடவில்லை. குட்டிச் சவாரியும் ஏற்றணும்னு சட்டமோ அபராதமோ தேவைப்படவில்லை. விலையைச் சரியாக வைத்ததும், டிரைவருக்கு லாபமானதும் ஊருக்குத் தேவையானதும் ஒன்றாகிவிட்டன. 1942-ல் கோஸ்பிளானுக்கு அவர் சொல்ல முயன்றதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

கடல் தாண்டி அதே கணக்கு

இதில் ஒரு விநோதம் உண்டு. கான்டரோவிச் மௌனமாக இருந்த அதே வருடங்களில், அமெரிக்காவில் இன்னும் இரண்டு பேர் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ட்ஜாலிங் கூப்மன்ஸ். போர்க்காலத்தில் வாஷிங்டனில் சரக்குக் கப்பல்களை எப்படித் திருப்பி விடுவது என்ற கணக்கில் உழன்றவர். இன்னொருவர் ஜார்ஜ் டான்ட்சிக். 1947-ல் இவர் உருவாக்கிய 'சிம்ப்ளெக்ஸ்' முறை கம்ப்யூட்டரோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவியது.

லெனின்கிராடில் ஒருவர் 1939-லேயே இதைச் செய்துவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1950-களின் பிற்பாதியில்தான் கூப்மன்ஸுக்கு விஷயம் தெரிந்தது. அவர் முயற்சியால் 1960-ல் அந்தச் சிறு நூல் ஆங்கிலத்தில் வந்தது. சொந்த நாட்டிலும் 1965-ல் லெனின் பரிசு கிடைத்தது.

1975-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கான்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. வளங்களை உகந்த முறையில் பங்கிடும் கோட்பாட்டுக்காக. டான்ட்சிக் விடுபட்டது அப்போது பலருக்கும் வருத்தம். கூப்மன்ஸ் தன் பங்கிலிருந்து 40,000 டாலரை ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். டான்ட்சிக்குக்கும் பங்கு இருந்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்குமோ, ஏறத்தாழ அந்தத் தொகை.

சோவியத் ஒன்றியத்திலிருந்து பொருளாதார நோபல் வாங்கிய ஒரே ஆள் கான்டரோவிச். 1971-ல் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்திருந்த அவர், 1986 ஏப்ரல் 7 அன்று 74 வயதில் காலமானார். ஆனால் நாடு முழுவதையும் அந்த எண்களால் திட்டமிடும் கனவு கடைசி வரை நடக்கவில்லை. பதக்கம் கொடுத்தார்கள், அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

இன்றைய நகரத்துக்கு இது என்ன சொல்கிறது?

அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழித்து, 2017-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கணிதத்தின் பலமும் எல்லையும் ஒருசேரத் தெரியும்.

பாஸ்டன் அரசுப் பள்ளிகளுக்குப் பஸ் செலவு கையைக் கடித்தது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பஸ் ரூட்களை உகந்த தீர்வு முறையில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். சுமார் 50 பஸ்கள் குறைந்தன. ஏறத்தாழ 50 லட்சம் டாலர் மிச்சம். எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்து, பள்ளி தொடங்கும் நேரத்தையும் அதே கணிதத்திடம் விட்டார்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தூக்கம் தேவை, பஸ்ஸும் மிச்சமாகணும் என்பது இலக்கு. கணக்கு ஒரு பதிலைக் கொடுத்தது. சில தொடக்கப் பள்ளிகள் காலை 7.15-க்கே தொடங்கணும் என்றது அது. பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். சின்னப் பிள்ளையை இருட்டிலேயே எழுப்புவதா? மதியமே பள்ளி விட்டுவிட்டால், வேலைக்குப் போகும் அம்மா என்ன செய்வார்? டிசம்பரில் அறிவித்த திட்டம் அதே டிசம்பரில் கைவிடப்பட்டது.

கணக்கில் கூட்டல் தப்பு எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அது கொடுத்தது. கேள்விக்குள் அந்த அம்மாவின் வேலை நேரம் போதுமான அளவு இடம்பெறவில்லை, அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தம் எங்கே, தீயணைப்பு நிலையம் எங்கே, தண்ணீர் லாரி முதலில் எந்தத் தெருவுக்கு என்பதையெல்லாம் இனி மேலும் மேலும் கம்ப்யூட்டர்கள்தான் கணக்கிடப்போகின்றன. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தக் கணக்கு எதைக் குறைக்கச் சொல்லி இயக்கப்பட்டது? செலவையா, காத்திருக்கும் நேரத்தையா, யாரோ ஒருவர் நடக்க வேண்டிய தூரத்தையா? அடுத்தது, யாருடைய கஷ்டம் இதில் எண்ணாகவே ஏறவில்லை?

கான்டரோவிச்சின் எண்களுக்குப் பயந்து அவற்றை மேஜைக்குள் பூட்டியவர்கள் நாட்டுக்கு நஷ்டம் ஏற்படுத்தினார்கள். யாரிடமும் கேட்காமல் எண்களை மட்டும் நம்பினாலும் நஷ்டம்தான் என்று பாஸ்டன் காட்டியது. லடோகா ஏரியில் கணக்குப் போட்டவர் அந்தப் பனியின் மேலேயே நடந்து பார்த்தார். நகரத்துக்குக் கணக்குப் போடுபவர்களும் ஒருமுறை அந்தப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பார்த்தால் நல்லது.